பனியில் ஏர் பூட்டினேன்!

ஒரு தடவையாவது ஏர் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் பேனா பிடித்தே காலம் கழித்தவனுக்கு இப்படி ஓர் ஆசை இருப்பதில் தவறில்லையே? அந்த ஆசை என் அறுபத்தெட்டாவது வயதில் நிறைவேறிற்று. ஆனால் எங்கே, எப்படி என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காவிரிக் கரையில் அல்ல, அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக் கரையில். மண்ணில் அல்ல, பனியில். மாடு பூட்டி அல்ல, நாலு சக்கர மோட்டார் வண்டி பூட்டி!

பனியைத் தள்ளி வழி ஒதுக்குவதற்கு இந்த ஊரில் 'உழுவது' என்றுதான் பெயர். விதைப்பு கிடையாது, அறுப்பு கிடையாது. உழவு மட்டும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையில் ஓயாமல் உண்டு.

"வெள்ளாமை இல்லாத ஊரில் இத்தனை உழவா?" என்று கேட்டாள் என் மனைவி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த உழவிலும் மகசூல் ஒன்று உண்டு, நேயர்களே. அது என்ன என்பதை நான் கொஞ்சம் பலமாகவே அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பது மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், கீவீனா என்னும் தீபகற்பத்தில். சுப்பீரியர் ஏரிக்குள் ஒரு விரல் நீட்டினாற்போல் இருக்கும் நிலம் அது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதன் பரப்பு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல் அதில் மூழ்கிவிடும்! குளிர்காலத்தில் கனடாப் பக்கமிருந்து வறண்ட குளிர்காற்று அடிக்கிறது. ஏரித் தண்ணீரோ காற்றை விடச் சூடாக இருக்கிறது. காற்று அந்த ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டு கீவீனா மலைச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போதே குளிர்ந்து, சுமந்து வந்ததைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஏரி உறையாமல் இருக்கும் வரையில் இந்தக் கைங்கரியம் நிற்காது.

எவ்வளவு கொட்டும் என்று கேட்கிறீர்களா? சாலையோரத்தில் ஒரு பெரிய அளவுகோலையே நட்டு வைத்திருக்கிறார்கள். 1978-79ஆம் வருஷக் குளிர்காலத்தில் பெய்த 390.4 அங்குலம்தான் அதில் உச்சம். அதாவது முப்பத்திரண்டரை அடி! அத்தனையும் ஒரே நாளில் நிற்பதில்லை. பெய்வதும் அமுங்குவதுமாக இருக்கும். இருந்தாலும், அந்தக் கோலின் அடியில் நின்று நான் அண்ணாந்து பார்த்தபோது தலையிலிருந்த குல்லா பின்னால் விழுந்துவிட்டது.

எங்கள் வீடு சாலையிலிருந்து இருநூறு அடி உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழி பன்னிரண்டு அடி அகலம். நடுவில் ஒரு மேப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு வளைவு. ஆபீஸ் கணக்குப் பார்த்த கை சும்மா இருக்குமா? ஒரு நாள் கணக்குப் போட்டேன். சாதாரணமாகப் பத்து அங்குலப் பனி உருகினால் ஓர் அங்குலத் தண்ணீர். அந்தக் கணக்கில், எங்கள் வழியின் மேல் ஓர் அடிப் பனி விழுந்தால் அதன் எடை ஏழு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஏரிப் பனி பஞ்சு போன்றது. பாதி எடைதான் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை டன்! அதை ஒரு மனிதன் மண்வாரியால் அள்ளுவதென்றால்? வயதானவர்கள் குளிரில் பனி அள்ளப் போய் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வது இந்த நாட்டில் வருஷந்தோறும் நடக்கிற விஷயம். "அப்பா, நீங்கள் மண்வாரியைத் தொட்டால் நான் வேலைக்கே போக மாட்டேன்" என்று பெண் உத்தரவு போட்டுவிட்டாள். மாப்பிள்ளைக்கோ வாரத்தில் நாலு நாள் வெளியூர் வேலை. இப்படியாகத்தான் 2018ஆம் வருஷம் அக்டோபரில் ஏ.டி.வி. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஏ.டி.வி. என்பது மேடு பள்ளம் பாராமல் எந்தத் தரையிலும் ஓடும் வண்டி. மோட்டார் சைக்கிள் மாதிரி ஸீட்டும் கைப்பிடியும், குட்டி டிராக்டர் மாதிரி நாலு கொழுத்த டயரும் வைத்துப் பாருங்கள், அதுதான். இதன் பிறப்பிலேயே குளிர்காலத்துக்குச் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவில் குளிர் வந்தால் மோட்டார் சைக்கிள் வியாபாரம் படுத்துவிடும். 'குளிரில் விற்க ஏதாவது கொடுங்கள்' என்று வியாபாரிகள் கேட்கப் போய், ஹோண்டா கம்பெனி 1970இல் மூன்று சக்கர வண்டி ஒன்றை விட்டது. மூன்று சக்கரம் வளைவில் சுலபமாகக் குடை சாய்ந்தது. உயிர்ச் சேதமும் நிறைய. 1982இல் சுஸுகி கம்பெனியின் நாலு சக்கர வண்டி வந்தது. 1988இல் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. நாலு சக்கரமும் கவிழாது என்று சொல்ல முடியாது. ஆகையால், வீட்டு வாசலில் ஓட்டினாலும் தலையில் ஹெல்மெட் இல்லாமல் நான் ஏறுவதில்லை.

வண்டியின் வயிற்றுக்கு அடியிலிருந்து இரண்டு இரும்புக் குழாய்கள் முன்னால் நீளும். அவற்றின் நுனியில் ஐந்தடி அகலத்தில் வளைந்த இரும்புத் தகடு. அதுதான் என் ஏர். அதைத் தூக்குவதற்கும் இறக்குவதற்கும் வண்டி முகப்பில் 'வின்ச்' என்ற கயிறு சுற்றும் உருளை. பொத்தானை அமுக்கினால் தகடு எழும்பும். மறு பொத்தானை அமுக்கினால் இறங்கும். மாட்டை அதட்ட வேண்டியதில்லை. வாலை முறுக்க வேண்டியதில்லை.

எனக்கு உழவு சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எண்பது வயது இருக்கும். செப்புச் சுரங்கத்தில் வேலை செய்வதற்காகப் பின்லாந்திலிருந்து வந்தவர்களின் வம்சம். பேச்சு மிகக் குறைவு. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் பதினோராவது வார்த்தைக்குக் காசு கேட்பார் போலிருக்கும்!

அவர் சொன்ன பாடங்கள் இவை. லோ கியரில் போட்டு, மனிதன் நடக்கிற வேகத்தில்தான் தள்ள வேண்டும். தகட்டை நேராக வைக்காமல் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால் பனி தானே ஓரத்துக்கு உருண்டு போகும். பின் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டி, பின்னால் இரண்டு மணல் மூட்டையை வைத்தால் சக்கரம் வழுக்காது. மறைந்திருக்கும் கல்லில் இடித்தால் தகடு ஸ்பிரிங்கின் மேல் மடங்கிக் கொடுக்கும், பயப்பட வேண்டாம். பெய்து முடியட்டும் என்று காத்திராமல் ஆறு அங்குலம் சேர்ந்ததுமே ஒரு தடவை தள்ளிவிட வேண்டும். வழியின் இரு ஓரத்திலும் பனிக்கு முன்பே குச்சி நட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வழி எது, தோட்டம் எது என்று தெரியாது. பனியைச் சாலையில் தள்ளிவிட்டு வரக்கூடாது. அது சட்ட விரோதம்.

கடைசியாக ஒன்று சொன்னார்: "முதல் பனியைத் தூரமாகத் தள்ளுங்கள். வழியின் ஓரத்தோடு விடாதீர்கள். ஓரத்தைத் தாண்டி ஆறடி, புல்தரையின் மேலே தள்ளுங்கள். நவம்பரில் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஜனவரியில் அந்த இடம் வேண்டியிருக்கும்."

எல்லாப் பாடத்தையும் கேட்டேன். இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

முதல் பனி நாலு அங்குலம் விழுந்தது. ஆகா, அன்று காலை எனக்கு ஏற்பட்ட குதூகலத்தை என்னவென்று சொல்ல! தகடு பனியைச் சுருட்டிக்கொண்டு போக, பின்னால் கறுப்பாக வழி பிறந்து கொண்டே வந்தது. ஓரத்துக் குச்சி வரையில் தள்ளிச் சரியாக நிறுத்தினேன். நாலு அங்குலப் பனியை ஆறடி தள்ளிப் புல்லின் மேல் கொண்டு போவதாவது! இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு அழகான வரப்பு. என் மனைவி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்குங்க!" என்றாள். முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் கோடு போட்டபோது கிடைக்காத பாராட்டு அது. காபியை அன்று எழுந்து நின்றே குடித்தேன்.

இப்போது பனியின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். வானத்திலிருந்து விழும்போது அது பஞ்சு. ஒரு தடவை கலைத்துத் தள்ளிக் குவித்துவிட்டால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்தில் இறுகிவிடும். மறு நாள் அது சுவர். என் வண்டியோ முந்நூறு கிலோ. அந்தச் சுவரில் போய் மோதினால் சுவர் நகராது. வண்டிதான் பக்கவாட்டில் சறுக்கும். ஆகவே அடுத்த பனியைப் பழைய வரப்பின் மேல் ஏற்ற முடியாமல் அதற்கு இந்தப் பக்கம் விட்டேன். அதற்கடுத்த பனியை அதற்கும் இந்தப் பக்கம். நம் ஊரில் அடுத்த வயல்காரன் வருஷத்துக்கு ஒரு சாண் வரப்பை நகர்த்துவான் என்று கேட்டிருக்கிறோம் அல்லவா? இங்கே எனக்கு அடுத்த வயல்காரன் நானேதான். இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரலாக, என் வழியை நானே அபகரித்துக்கொண்டு வந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு அது தெரியவே இல்லை. பெண்ணின் கார் ஆறடி அகலம். அது தினமும் போய் வந்தது. கார் போய் வருகிற வரையில் வழி இருக்கிறது என்றுதானே நினைப்போம்?

2019 ஜனவரி நடுவில் ஒரு நாள், வீட்டுக் கணப்புக்கு எரிவாயு நிரப்பும் லாரி வந்தது. நான் மாடியில் இருந்தேன். கீழே வந்து பார்த்தால் லாரி இல்லை. கதவிடுக்கில் ஒரு சீட்டு இருந்தது. 'வழியின் அகலம் போதாது. அகலப்படுத்திவிட்டுத் தெரிவிக்கவும்.' லாரிக்காரர் சாலையில் இறங்கி, நடந்தே வந்து செருகிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்குச் சுரீரென்றது. பெண்ணிடம் காட்டினால் என் உழவுத் திறமை என்னாவது? சீட்டை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நேரான பகுதியில் எட்டரை அடி. மேப்பிள் மரத்து வளைவில் ஏழு அடி! வண்டியை எடுத்து இரண்டு மணி நேரம் முட்டினேன், மோதினேன். நேரான பகுதியில் அங்கங்கே அரை அடி பெயர்ந்தது. வளைவு அசையவில்லை. டாங்கியில் எரிவாயு இன்னும் பாதி இருந்தது. 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று வண்டியைக் கொட்டகையில் விட்டேன். பெரியவர் வீட்டில் டிராக்டரும், பனியை வாரித் தூர எறியும் யந்திரமும் இருப்பது எனக்குத் தெரியும். போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் வந்தது. ஜனவரி கடைசி. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. என் மனைவிக்கு நாலு நாளாக ஜலதோஷம் என்று நினைத்திருந்தோம். அன்று இரவு பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவள், "மூச்சு முட்டறதுங்க" என்றாள். உதடு நீலம் பூத்திருந்தது. பெண் உடனே 911க்குப் போன் செய்தாள்.

அந்த இரவிலும், அந்தப் பனியிலும், ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. சாலை முனையில் அதன் விளக்கு சுழல்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே திரும்பிற்று. மெதுவாக வந்தது. மேப்பிள் மரத்தருகே நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸ் சுமார் எட்டு அடி அகலம். என் வளைவு ஏழு அடி.

இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிராணவாயுக் குழாயை மூக்கில் பொருத்தி, கம்பளியில் சுற்றி, கட்டிலோடு தூக்கினார்கள். பனியில் கட்டிலின் சக்கரம் உருளுமா? இருவரும் சுமந்தே போனார்கள். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். இரு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு நான் எழுப்பிய வெள்ளைச் சுவர். வளைவில் மூன்று பேர் சேர்ந்தாற்போல் நடக்க இடமில்லை. நான் கையை விட்டுப் பின்தங்க வேண்டியதாயிற்று. வானத்திலிருந்து பனி பூப்போல இறங்கி அவள் நெற்றியில் விழுந்தது. துடைக்க எட்டவில்லை.

வழக்கமாக ஒரு நிமிஷத்தில் வாசலுக்கு வரக்கூடிய வண்டிக்கு, அன்று பத்து நிமிஷம் கூடுதலாயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நிமோனியா என்றார்கள். விடியற்காலையில், "இனிப் பயமில்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கைக்குட்டைக்காகக் கோட்டுப் பையில் கைவிட்டேன், சீட்டு வந்தது. பெண்ணிடம் நீட்டினேன். அவள் படித்தாள். தேதியைப் பார்த்தாள். மறுபடி மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"அம்மாவிடம் காட்ட வேண்டாம் அப்பா" என்றாள். அவ்வளவுதான். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆறாம் நாள் மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கார் வழிக்குள் திரும்பியதும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பதினான்கு அடி அகலத்துக்கு வழி திறந்து கிடந்தது! வளைவில் வரப்பு இருந்த இடமே தெரியவில்லை. பெரியவர் டிராக்டரைக் கொண்டு வந்து, இறுகின சுவரையெல்லாம் யந்திரத்தால் அறுத்துத் தோட்டத்துக்குள் எறிந்திருக்கிறார். பனியைத் தள்ளாமல் வாரி எறியும் அந்த யந்திரத்தை 1925இல் கனடாவின் கியூபெக்கில் ஆர்தர் ஸிகார்ட் என்பவர் செய்தார் என்று படித்திருந்தேன். அவருக்கு மனத்துக்குள்ளே ஒரு நமஸ்காரம் செய்தேன்.

அன்று மாலை பெரியவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. "நீங்கள் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ஒருவர் சொன்னார். நானும் கேட்கவில்லை" என்றார்.

அவர் தனியாக இருக்கிறவர். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2019 நவம்பரில் மறுபடியும் முதல் பனி விழுந்தது. மூன்றே அங்குலம். வண்டியை எடுத்தேன். வழியின் ஓரத்தைத் தாண்டி, ஆறடி தள்ளிக் குச்சி நட்டிருந்தேன். அந்த மூன்று அங்குலப் பனியை அங்கே வரைக்கும் கொண்டு போய்க் கொட்டினேன். புல் பெயர்ந்தது, வழி கோணல் மாணலாகத் தெரிந்தது. பென்சில் கோடும் இல்லை, ஸ்கேல் கோடும் இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே பழக்கம்தான். இன்னொரு பழக்கமும் உண்டு: பத்தடி நீளத்தில் ஒரு கழி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, சாலை முனையிலிருந்து வீட்டு வாசல் வரையில் நடக்கிறேன். இரண்டு நுனியில் ஒன்று பனியில் இடித்தாலும் அன்றைக்கே ஆள் கூப்பிட்டு அகலப்படுத்திவிட வேண்டும் என்று சங்கல்பம். நம் கார் போக எவ்வளவு வேண்டும் என்று பார்த்து உழக்கூடாது, நேயர்களே. என்றைக்கோ ஒரு நாள் நம்மைத் தேடி வரப்போகிற வண்டி எவ்வளவு அகலம் என்று பார்த்து உழ வேண்டும். முதலில் சொன்னேனே, இந்த உழவுக்கும் மகசூல் உண்டு என்று, அது இதுதான்.

இதை எழுதுவதற்கு முன்னால் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவள் படிக்கிற பத்திரிகையில் அவளுக்குத் தெரியாத விஷயம் வரலாமா? அந்தச் சீட்டைப் பற்றி, வெட்கத்தைப் பற்றி, பெரியவரிடம் போகாமல் இருந்ததைப் பற்றி எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வாரமே தெரியும்" என்றாள். "கோட்டைத் துவைக்கப் போடறதுக்கு முன்னாடி பையைப் பார்க்க மாட்டேனா? அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் வரும்."

"அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"நீங்கதான் கழியைத் தூக்கிக்கிட்டு வாராவாரம் நடக்கறீங்களே!" என்றாள். பிறகு கீரைக் கட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. எங்கேயாவது இடிச்சுதா?"

"இடிக்கவில்லை" என்றேன்.